லேபிளிடம் சொல்லிவிட்டு

அவள் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதுவதென்றால் முதலில் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் எழுத வேண்டும். அவர்கள் வீடு மாற்றிக்கொண்டு போய் ஆறேழு வருடமாகிறது. இப்போது எந்த ஊரில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. சொல்லாமல் கொள்ளாமல் ஒரு காரியம் செய்தால் அவளுக்குப் பிடிக்காது. ஒன்பது வயதிலேயே பிடிக்காது.

திருப்பூர் வீரபாண்டியில் எட்டு வீடுகள் வரிசையாக உள்ள ஒரு லைன் வீட்டில் கடைசி வீடு அவர்களுடையது. அதை ஒட்டின கொட்டகையில் பனியன் கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருந்தேன். நாலு ஓவர்லாக் மிஷின், இரண்டு பேட்லாக் மிஷின், ஒரு கட்டிங் டேபிள், ஓயாமல் கத்திக்கொண்டிருக்கும் நான். லைனில் பெண் குழந்தை என்று இருந்தது அவள் ஒருத்திதான். அதனால் எல்லோருக்கும் அவள் பாப்பா. அம்மா ஒரு பெரிய பனியன் கம்பெனியில் செக்கிங்குக்குப் போனாள். அப்பாவுக்குப் பல்லடத்தில் தறி ஓட்டும் வேலை. நைட் ஷிப்ட், பகலெல்லாம் தூக்கம்.

அந்த நாய்க்குட்டியைக் கொண்டுவந்தது அப்பாதான். தறிக்கூடத்துக்குப் பின்னால் பிறந்த குட்டி. தறிச் சத்தத்திலேயே கண் திறந்த நாய் வேறு எதற்குப் பயப்படப் போகிறது என்று நினைத்தார் மனிதர். அதுவோ தறியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பயந்தது. குக்கர் விசில், அயர்ன் பாக்ஸ் புஸ்ஸென்று விடும் ஆவி, நூல் கோன் தரையில் விழும் சத்தம், குடை விரிவது, கொடியில் காயும் பனியன் காற்றில் அடித்துக்கொள்வது. ஒருநாள் தானே ஒருமுறை குரைத்துவிட்டு, குரைத்தது யார் என்று மிரண்டுபோய்க் கட்டிலுக்கடியில் ஓடி ஒளிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். லைன் முழுக்கச் சிரித்தோம். அப்பாவுக்கு மட்டும் வருத்தமில்லை. பகலில் தூங்குகிறவருக்குக் குரைக்காத நாய் கிடைத்தால் கசக்குமா?

கருப்பு நாய். பின்கழுத்தில், பனியனுக்கு லேபிள் வைத்துத் தைக்கிற அதே இடத்தில், சதுரமாக ஒரு வெள்ளை. பாப்பா அதற்கு லேபிள் என்று பெயர் வைத்தாள்.

அவளுடைய பழக்கம் இதுதான்: உலகத்தில் என்ன நடக்கப் போகிறதோ அதை முன்கூட்டியே நாயிடம் சொல்லிவிடுவாள். காலையில் அடுப்படியிலிருந்து அவள் குரல் கேட்கும். “லேபிளு, அம்மா குக்கர் வெச்சிருக்காங்க. மூணு விசில் வரும். சத்தம் மட்டுந்தான், ஒண்ணும் பண்ணாது.” விசில் வர வர விரலை மடக்கி எண்ணுவாள். நாய் அவள் காலை ஒட்டி நடுங்கிக்கொண்டு நிற்கும். ஆனால் ஓடாது.

ஒருநாள் பருப்பு வேகவில்லை என்று அம்மா நாலாவது விசில் விட்டுவிட்டாள். நாய் பாய்ந்து கட்டிலுக்கடியில் போய்விட்டது. பாப்பா தரையோடு தரையாகப் படுத்துக் கட்டிலுக்குள் தலையை நீட்டிச் சொன்னாள்: “தப்புத்தான் லேபிளு. மூணுன்னு சொல்லீட்டேன். நாலாயிருச்சு. எனக்கே தெரியாது.” பிறகு அம்மாவிடம் திரும்பி, “இனிமே எத்தனைன்னு முன்னாடியே சொல்லிருங்கம்மா. எனக்குப் பேச்சு மாறுது” என்றாள். அம்மா கரண்டியும் கையுமாக, வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள்.

நாயோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கொஞ்சநாளில் எங்கள் எல்லோரையும் இதில் இழுத்துவிட்டாள். பால்காரர் ஹாரன் அடிப்பதற்குமுன் வண்டியை நிறுத்தி, “லேபிளு, அடிக்கப் போறேன் சாமி” என்று குரல் கொடுக்க ஆரம்பித்தார். என்னிடம் வேலை செய்த மதுரைப் பக்கத்து டெய்லர் ஒருவர் கிண்டல் பேர்வழி. மிஷினை ஓட்டும்போதெல்லாம் “டேய் லேபிளு, தைக்கப் போறேன்டா. பாத்துக்க” என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை கத்துவார். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த பாப்பா அதைக் கேட்டுவிட்டு அவரிடம் போய் நின்றாள். “ரொம்பத் தேங்க்ஸுங்கண்ணா. நானில்லாதப்ப யாரு சொல்லுவாங்கன்னு கவலையா இருந்துச்சுங்க.” மனிதருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதன்பிறகு மெல்லிய குரலில், உண்மையாகவே சொல்ல ஆரம்பித்தார்.

ஊசி போட மாட்டு ஆஸ்பத்திரிக்கு என் ஸ்கூட்டரில்தான் போனோம். நான் பை நிறைய பிஸ்கட் வாங்கி வைத்திருந்தேன். “பிஸ்கட்டைக் காட்டு கண்ணு. அது திங்கறப்ப நான் கழுத்தப் புடிச்சுக்கறேன். டாக்டர் பின்னாடி குத்தீருவாரு. அதுக்குத் தெரியவே தெரியாது” என்று திட்டம் சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “அப்பறம் அது பிஸ்கட்டுக்குப் பயப்படுமுங்களே அக்கா” என்றாள்.

அப்புறம் குனிந்து நாயிடம் முழுவதையும் சொன்னாள். ஊசி என்றால் என்ன, எங்கே குத்துவார்கள், வலிக்கும், ஒண்ணு ரெண்டு மூணு எண்ணுவதற்குள் முடிந்துவிடும், முடிந்ததும் பிஸ்கட். டாக்டர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார். அவள் சொல்லி முடித்ததும் அவரே, “லேபிளு, இப்பப் போடறேன்” என்றார். நாய் வெடவெடவென்று நடுங்கியது. கொஞ்சம் மூத்திரம்கூடப் போனது. ஆனால் யாரும் அதைப் பிடிக்கவில்லை, அதுவும் நகரவில்லை.

இந்தக் குழந்தைக்கு இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் அம்மாவைக் கேட்டேன். தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவள் குடத்தை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாள். அவர்கள் அந்தியூர்ப் பக்கம். முதன்முதலாகத் திருப்பூருக்கு வேலைக்கு வந்தபோது பாப்பாவுக்கு ஐந்து வயது. தங்க இடமில்லாமல் அவளை மாமன் வீட்டில் விட்டுவிட்டு வந்தார்கள். அழுவாள் என்று பயந்து, “கடைக்குப் போயி பன் வாங்கீட்டு வாரோம்” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார்கள். பொங்கல் நோம்பிக்குத் திரும்பிப் போக மூன்று மாதம் ஆனது.

“நான் போயி எறங்கறப்ப வாசப்படிலயே உக்காந்திருந்தா அக்கா. பன் எங்கேன்னு கேட்டா” என்று சொல்லி அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “பெத்தவங்கள எங்கியாச்சும் உட்டுக்குடுக்கறாளான்னா அதுவும் இல்லீங்க. ஒரு நா என்ற கிட்டச் சொன்னா, சொல்லீட்டுப் போயிருந்தா அழுதிருப்பேன், ஆனா பயந்திருக்க மாட்டேன்னு.”

அதைக் கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் நான் மாறினேனா என்றால் இல்லை. ஜாப் ஒர்க் நடத்துகிறவள் நாள் முழுக்கப் பொய் சொல்லாமல் இருக்க முடியுமா? துணி இன்னும் ரோலாகக் கிடக்கும். கம்பெனியிலிருந்து போன் வந்தால், “அயர்ன் ஆயிட்டிருக்குதுங்க, இதோ வண்டி ஏத்தறோமுங்க” என்பேன். நாக்கு தானாகச் சொல்லிவிடும்.

பள்ளி நாட்களில் லேபிளை என்னிடம்தான் விட்டுப் போவாள். கட்டிங் டேபிளுக்குக் கீழே துணிக் கழிவுக் குவியலில் அது படுத்துக்கிடக்கும். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் காலையில் வழக்கம்போலக் கொண்டுவந்து விட்டவள், போகாமல் நின்றாள்.

“அக்கா, எதுத்த கம்பெனில இன்னைக்கே பூஜையாமுங்க. ஆளுகெல்லாம் ஊருக்குப் போறாங்கல்ல. பூசணிக்கா ஒடச்சதும் ஆயிரம் வாலா போடுவாங்களாம். போடறதுக்கு முன்னாடி லேபிளுகிட்டச் சொல்லீருங்க. மறந்துறாதீங்க.”

“நீ போ கண்ணு. நான் பாத்துக்கறேன்.”

அன்றைக்கு எனக்குத் தலைக்குமேல் வேலை. பூஜைக்கு யூனிட்டைக் கழுவ வேண்டும். வேஸ்ட் முழுவதையும் மூட்டை கட்டி அனுப்ப வேண்டும்; பனியன் துணியின் வெட்டுக் கழிவை எங்கள் ஊரில் வேஸ்ட் என்றுதான் சொல்வோம். அதை வாங்குகிற குடோன்காரரின் டெம்போ மதியம் வருவதாக இருந்தது. எதிர்க் கம்பெனி வாசலில் ஆட்கள் கூடி நிற்பதைப் பார்த்தேன். சரவெடியை நீளமாக விரித்துப் போடுவதையும் பார்த்தேன். நாயிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று ஞாபகமும் வந்தது. மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். பூஜைக்கென்று மிஷின் கம்பெனி மெக்கானிக் ஒருவர் வந்து நின்றுகொண்டிருந்தார். அவர் முன்னால் குனிந்து ஒரு நாயோடு பேச வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான்.

வெடித்தது. தெருவே புகை. நான் காதைப் பொத்திக்கொண்டேன். அது முடிந்ததும் அவசர அவசரமாக மூட்டைகளின் வாயைத் தைத்தேன். பாதி நிரம்பிய மூட்டை ஒன்று சாய்ந்து கிடந்தது. அதன்மேல் இன்னும் இரண்டு அள்ளு கழிவைப் போட்டு அழுத்தித் தைத்தேன். டெம்போ வந்தது, ஏற்றினார்கள், போனது. மேசைக்குக் கீழே நாய் இல்லை என்று நான் கவனித்தபோது மணி மூன்று. எங்கேயாவது ஒளிந்திருக்கும், வரும் என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொள்ள விரும்பினேன்.

நாலரைக்கு பாப்பா வந்தாள். புத்தகப் பையை இறக்காமலே மேசைக்கடியில் குனிந்து பார்த்தாள்.

“அக்கா, வெடி போடறதுக்கு முன்னாடி சொன்னீங்களா?”

“சொன்னேன் கண்ணு.”

“மூட்டை கீட்டைக்குள்ள பூந்திருக்குமுங்களா? கட்டறப்பப் பாத்தீங்களா?”

“பாத்தேனே.”

இரண்டும் கண்ணிமைக்காமல் வந்தன. “அப்பப் பயந்து ஓடியிருக்காது. சொன்னா அது ஓடாது. யாரோ புடிச்சுட்டுப் போயிருக்காங்க” என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினாள்.

என்னைக் குத்தியது அதுதான். ஒரு சந்தேகப் பார்வை பார்த்திருந்தால்கூட நான் சமாளித்திருப்பேன். என் பேச்சை அப்படியே நம்பி, அந்த நம்பிக்கையில் பேக்கரியில் போய்க் கேட்டாள், மளிகைக்கடையில் கேட்டாள், குழந்தைகள் விளையாடும் இடத்தில் கேட்டாள், வீடு வீடாகப் போய்க் கேட்டாள். நான் மிஷின்களுக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தேன். பொட்டு தவறி ஓவர்லாக் மூடியெல்லாம் சந்தனமாகியது. சாய்ந்து கிடந்த அந்த மூட்டை மனதைவிட்டுப் போகவில்லை. குடோன் ஆறு மணிக்குப் பூட்டினால் பூஜை முடிந்து மூன்றாம் நாள்தான் திறக்கும். அந்த நாய் உள்ளே இருந்தால் குரைக்கக்கூடச் செய்யாது.

ஐந்தேகாலுக்கு அவள் திரும்பி வந்தாள். கண் சிவந்திருந்தது. “அக்கா, மெயின் ரோடு வரைக்கும் போயிப் பாத்துட்டு வாரேன். அம்மா வந்தாச் சொல்லீருங்க.”

“கண்ணு, இரு.” சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். “நான் அதுகிட்டச் சொல்லலே. மூட்டையையும் பாக்கலே. ரெண்டும் பொய்யி.”

அவள் போய் ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

பல்லடம் ரோட்டில் நான் அப்படி வண்டி ஓட்டியதே இல்லை. குடோன் வாசலில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சாவியோடு நின்றுகொண்டிருந்தார் குடோன்காரர். “ஏனுங்கம்மணி, பூட்டற நேரத்துல வாரீங்க?” என்றார். விஷயத்தைச் சொன்னேன். “நாயா? இந்த மலைல எங்கீன்னு தேடறது? உள்ளார இருந்தாக் கத்தாதுங்களா?” என்றார். உள்ளே கூரை வரைக்கும் மூட்டைகள். அன்றைக்கு ஊரில் உள்ள அத்தனை யூனிட்டும் கழுவித் துடைத்துக் கழிவை அனுப்பியிருந்தது.

“அது கத்தாதுங்க. அதுக்கு அதும் பயம்” என்றாள் பாப்பா.

அவர் அவளைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, ஷட்டரை மேலே தள்ளினார். லோடு இறக்கும் பீகார்க்காரர் இரண்டு பேரைக் கூப்பிட்டார். என் மூட்டைகளை ஆரஞ்சு நூலில் தைத்திருந்தேன். முந்தின நாள் ஆர்டரில் மிஞ்சிய நூல். அது தைரியம் தந்தது. ஆரஞ்சுத் தையல் தெரிகிற மூட்டை எல்லாம் பின்பக்கச் சுவரோரம், வேறு மூட்டைகளுக்கு அடியில் இருந்தன.

பாப்பா நாயைக் கூப்பிடவே இல்லை. நானாக இருந்தால் லேபிளே, லேபிளே என்று குடோன் அதிரக் கத்தியிருப்பேன். அவள் அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் போய் நின்று, வீட்டில் பேசுகிற அதே குரலில் சொன்னாள்:

“லேபிளு, நான் வந்துட்டேன். இப்ப மேல இருக்கற மூட்டையெல்லாம் எடுப்பாங்க. தொப்பு தொப்புன்னு சத்தம் வரும். உன்ற மூட்டையும் ஆடும். அப்பறம் கத்திரில தையலப் பிரிப்பாங்க. வெளிச்சம் வரும். நான் இங்கியேதான் நிப்பேன்.”

குடோன்காரர் கையைக் காட்டினார். அந்த இரண்டு பேரும் அவள் சொன்னதில் ஒரு வார்த்தை புரியாதவர்கள். ஆனால் மூட்டையைத் தூக்கிப் போடாமல், ஒவ்வொன்றாக, மெதுவாக இறக்கி வைத்தார்கள். முதல் ஆரஞ்சு மூட்டையில் இல்லை. இரண்டாவதில் இல்லை. மூன்றாவது, நான்காவது. ஐந்தாவதன் தையலைப் பிரித்தபோது மேலாகக் கிடந்த வெள்ளைக் கழிவு லேசாக ஏறி இறங்கியது.

பின்கழுத்து வெள்ளை முதலில் தெரிந்தது. நாய் வெளியே வரவில்லை. கண்ணை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு மூச்சிரைத்தது. நான் பாய்ந்து தூக்கப் போனேன். பாப்பா கையை நீட்டி என்னைத் தடுத்தாள். மூட்டைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். “அவசரமில்ல லேபிளு. உனக்கு எப்பத் தோணுதோ அப்ப வா” என்றாள். குடோன்காரர் சாவிக்கொத்தைச் சத்தமில்லாமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். ஆறு மணி தாண்டி வெகுநேரம் ஆயிற்று. ஐந்து பேரும் வாய் திறக்காமல் நின்றோம், உட்கார்ந்தோம். ஒரு பீகார்க்காரர் தகர மூடியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு நகர்ந்தார். கடைசியில் அது தானாக எழுந்து, உடம்பெல்லாம் நூலும் துணியுமாக அவள் மடியில் ஏறிப் படுத்தது. அப்போதுதான் அவள் அழுதாள். நான் அதற்கு முன்பே அழுதிருந்தேன்.

திரும்பி வரும்போது நாயை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் சொன்னாள்:

“அக்கா, நான் ஒண்ணு சொல்லிர்றேனுங்க. எனக்கு உங்க மேல ரொம்பக் கோவமுங்க. பத்து நாளைக்கு உங்ககூடப் பேச மாட்டேன். பத்து நாள் முடிஞ்சதும் பேசிருவேன். பயந்துக்காதீங்க.”

என்னோடு பிறந்த அண்ணன் ஒருவன் இருக்கிறான். ஒரு கல்யாண வீட்டில் ஏதோ மனத்தாங்கல் என்று பேச்சை நிறுத்தியவன். எதற்கு என்றும் சொல்லவில்லை, எதுவரைக்கும் என்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு நோம்பிக்கும் போனைப் பார்த்துப் பார்த்து நான் ஓய்ந்துபோயிருந்தேன். கோபத்தை இப்படியும் படலாம் என்று எனக்கு யாரும் காட்டியதில்லை. அந்தப் பத்து நாளும் தண்ணீர்க் குழாயடியில் அவள் என்னைத் தாண்டிப் போவாள். முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டாள், சிரிக்கவும் மாட்டாள். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் ராத்திரி தூக்கம் வந்தது.

பதினோராவது நாள், பூஜை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தது. காலையில் நான் மிஷினுக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தபோது வாசலில் யூனிபாரத்தோடு வந்து நின்றாள். பின்னால் லேபிள்.

“பத்து நாள் ஆயிருச்சுங்க்கா.”

“ஆமா கண்ணு.”

“இனிமேப் பொய் சொல்லுவீங்களா?”

சொல்ல மாட்டேன் என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். “தெரியலியே கண்ணு. வாயில வந்துருது. ஆனா உன்ற கிட்டச் சொல்லீட்டேன்னா, அன்னைக்கே வந்து அது பொய்யின்னு சொல்லிர்றேன்.”

அவள் அதைத் தலையைச் சாய்த்து யோசித்தாள். “சரிங்க” என்றாள். “ஆனா இங்க இருக்கறதா வேண்டாமான்னு லேபிளுதான் சொல்லோணும். நீங்களே கேளுங்க.”

ஆறு மிஷினும் நின்றுவிட்டன. டெய்லர்கள் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் தரையில் உட்கார்ந்தேன். “லேபிளு, அன்னைக்கு நான் உங்கிட்டச் சொல்லாம உட்டுட்டேன். தப்பு என் மேலதான். இப்ப நான் கைய நீட்டப் போறேன். புடிக்க மாட்டேன். நீ வரலீன்னாலும் பரவாயில்ல” என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டினேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

நாய் வாசல்படியிலேயே நின்றது. பாப்பாவைப் பார்த்தது, அவள் அதைத் தள்ளவுமில்லை, அழைக்கவுமில்லை. பின்னங்கால் இரண்டும் நடுங்க ஒரு காலை உள்ளே வைத்தது. பிறகு இன்னொன்று. என் கை மரத்துப்போகும் வரைக்கும் ஆனது. ஈர மூக்கு என் உள்ளங்கையில் பட்டதும் அப்படியே அங்கே படுத்துக்கொண்டது.

பாப்பா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “லேபிளு, நான் பள்ளிக்கூடம் போறேன். நாலரைக்கு வருவேன்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.